கடைவாசலிற் சைக்கிளைக் காத்தல்

(தோவாளை வட்டத்துக் கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றால் தவணை தவறிய கடனைப்பற்றித்தான் பேசுவார் என்று தாங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அதை விடுத்துச் சைக்கிளைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். சைக்கிளுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு, அதைச் சற்று நேரத்தில் காட்டுவேன். அதற்குமுன் ஒரு விஷயம். நான் உள்ளே வரும்போது வேப்பமரத்தடியில் நின்ற ஒரு வண்டியின் பூட்டில் திறவுகோல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காரியதரிசி அவர்களிடம் ஒப்புவித்திருக்கிறேன். வண்டிக்குடையவர் கூட்டம் முடிந்தபின் பெற்றுக்கொள்ளலாம். அவர் பெயரை நான் கேட்கப் போவதில்லை.

மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் பெருகிவிட்ட இந்நாளிற் சைக்கிளுக்கு ஒரு பிரசங்கமா என்று இளைஞர்கள் நகைக்கலாம். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவிலுள்ள குடும்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குடும்பங்கள் சைக்கிள் வைத்திருந்தன. மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி வைத்திருந்தவை 21 மாத்திரமே. அதன்பின் மோட்டார் வண்டிகள் மிகுந்துவிட்டன என்பது கண்கூடு. ஆயினும், விடியுமுன் பாற்கேனைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறவரும், தோவாளைப் பூச்சந்தைக்குப் பிச்சிப்பூ மூட்டை கொண்டுவருகிறவரும், மணக்குடிப் பக்கமிருந்து மீன்கூடையைக் கேரியரில் ஏற்றி உள்ளூர்களுக்குள் வந்து விற்கிறவரும், மண்வெட்டியைப் பாரில் செருகிக்கொண்டு வயலுக்குப் போகிறவரும் இன்னும் சைக்கிளைச் சவுட்டித்தான் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு அது பெட்ரோல் கேளாத கூலியாள். ஒரு நாள் இல்லையென்றால் அன்றைய வருமானமும் இல்லை.

நான் அறிந்த அங்கத்தினர் ஒருவரின் கதையை மாத்திரம் விரிவாகச் சொல்லுகிறேன். ஊரும் பேரும் வேண்டா. பூதப்பாண்டிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தவர். இரண்டு கறவை மாடுகளும், வீடுவீடாகப் பால் ஊற்றும் வாடிக்கையும் உடையவர். சங்கத்தில் எண்ணாயிரம் ரூபாய் கடன் வாங்கி, ஒரு கனத்த சைக்கிளும் இரண்டு கேன்களும் வாங்கினார். தவணை ஒன்றுகூடத் தவறினவர் அல்லர். ஒரு நாள் காலை வடசேரியில் கடைசி வீட்டுக்கும் பால் ஊற்றி முடித்துவிட்டு, காய்ச்சலாய்க் கிடந்த குழந்தைக்கு மாத்திரை வாங்க ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தார். வண்டியிற் பூட்டு இருந்தது, பூட்டவில்லை. கேன்கள் காலியாயிற்றே, யார் தொடப்போகிறார் என்ற எண்ணம். மாத்திரைச் சீட்டைப் பார்த்து எடுத்துத் தருவதற்குள் ஒருவர் குறுக்கே வந்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேட வேண்டியதாயிற்று. வெளியே வந்தபோது வண்டி நின்ற இடத்தில் ஸ்டாண்டின் அடையாளம் மண்ணிற் பதிந்திருந்தது, வண்டி இல்லை.

நான் அடுத்த முறை அச்சங்கத்துக்குச் சென்றபோது அவர் என்னிடம் சொன்னதை அவர் வாய்மொழியாகவே சொல்லுகிறேன்: “சார், ரெண்டு நிமிசம் ஆக்கும் உள்ள போனேன். வண்டி போனாப் போகட்டும். அந்த நோட்டு போச்சே!” கேரியருக்கடியில் ரப்பர் பட்டையால் கட்டி வைத்திருந்தது பாற்கணக்கு நோட்டு. எந்த வீட்டில் எத்தனை லிட்டர், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். ஒரு மாதத்துக் கணக்கு முழுவதும் அதனோடு போயிற்று. பெரும்பாலோர் தாங்களே கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நம்மவர் நேர்மைக்கு அது ஒரு சாட்சி. சிலர் சொன்ன கணக்கு அவர் நினைவிலிருந்த கணக்கோடு ஒத்துவரவில்லை. அவர்களோடு அவர் வாதாடவுமில்லை. வாடிக்கை போய்விடுமே!

இப்போது சம்பந்தத்துக்கு வருகிறேன். சைக்கிள் களவு போனதென்று கடன் களவு போகவில்லை. அடுத்த மாதம் தவணைத் தேதியன்று அவர் வாடகைச் சைக்கிளில் வந்து இறங்கி, தம்மிடம் இல்லாத வண்டிக்குரிய தவணையை எண்ணிக் கட்டிவிட்டுப் போனார். காரியதரிசி ரசீது எழுதும்போது தலைநிமிரவில்லை என்று என்னிடம் சொன்னார். கும்பப்பூ அறுவடை முடிந்து கைக்குச் சிறிது பணம் வரும்வரை வாடகையும் தவணையும் ஆக இரண்டு சுமை. இத்தகைய கடன் பின்னொரு நாள் பாக்கியாக நின்றால், இன்ஸ்பெக்டராகிய நான் ‘காரணம் யாது’ என்று விளக்கம் கேட்டு எழுதுவேன். பூட்டாத பூட்டு என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

இத்தாலி தேசத்தில் 1948-ஆம் ஆண்டு விட்டோரியோ டி சிகா என்பவர் ‘சைக்கிள் திருடர்கள்’ என்று ஒரு படம் எடுத்தார். வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரிற் படவிளம்பரம் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அவனுடைய சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகுவைத்து அதை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே, அவன் ஏணிமேல் நின்று விளம்பரம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, கண்ணெதிரே ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். மற்றதெல்லாம் தேடுதல்தான். ரோமாபுரியில் நடந்த கதையாயினும் வடசேரியில் நடந்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை. அங்கே படுக்கை விரிப்பு. இங்கே சங்கக் கடன்.

நம்மவர் இரவிற் சைக்கிளை மிக ஜாக்கிரதையாக வைப்பார்கள். திண்ணையில் ஏற்றி, சிலர் முற்றத்துக்குள்ளேயே கொண்டுவந்து, கதவையும் தாழிட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள். பகலிற்றான் அஜாக்கிரதை, அதிலும், ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று கடைக்குள் நுழையும் அந்தச் சில நிமிஷங்களில். தாங்கள் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடைக்குள் போய்வர வேண்டுகிறேன். இரண்டு நிமிஷம் என்று நினைத்தது ஏழெட்டு நிமிஷமாயிருக்கக் காண்பீர்கள். முன்னால் ஒருவர் நிற்பார், சில்லறை இராது, தெரிந்தவர் ஒருவர் வந்து, கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வந்ததா என்று விசாரிப்பார். நம் சங்கமே நடத்தும் நியாயவிலைக் கடையிற்கூட, கைரேகை பதியும் கருவி ஒரு கிழவியின் விரலை ஏற்க மறுத்தால் வரிசை முழுவதும் நின்றுவிடுகிறது. எடுத்துப் போகிறவனுக்கோ அரை நிமிஷமே போதும். அவன் ஓடுவதுமில்லை. தன் வண்டியை எடுப்பவனைப்போல ஸ்டாண்டைத் தட்டி, நிதானமாக ஏறிப் போய்விடுவான். பார்த்தவர் நால்வர் இருந்தாலும் சந்தேகப்படுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இராது.

பூட்டைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வண்டிகளிற் பெரும்பாலும் இருப்பது, பின்சக்கரத்தின்மேல் ஃபிரேமோடு பொருத்தப்பட்ட லாட வடிவமான பூட்டு. சாவியைத் திருகி நெம்பை அழுத்தினால், ஓர் இரும்புக் கம்பி சக்கரத்தின் ஸ்போக்ஸ்களுக்கிடையே குறுக்காகச் சென்று சக்கரத்தைச் சுழலவொட்டாமல் நிறுத்துகிறது. அதன் வேலை அவ்வளவே. அது சக்கரத்தை வண்டியோடு கட்டுகிறதே தவிர, வண்டியைப் பூமியோடு கட்டவில்லை. நம் கனத்த சைக்கிளின் எடை ஏறக்குறைய 20 கிலோ. அரைமூட்டை நெல்லைத் தோளில் ஏற்றும் ஊரில் இது ஒரு பாரமா? பின்பாகத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தில் உருட்டினால் வண்டி நடந்துவிடும். சரக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டாற் கேட்பாரே இல்லை. ஆகையால் இப்பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறி ஓட்டிக்கொண்டு போக முடியாதபடி செய்வதற்கு அது போதும். கண்ணுக்கெதிரே வண்டி நிற்கும் கடைக்கு அது போதும். முதுகைக் காட்டி நிற்க வேண்டிய கடைக்குப் போதாது.

அத்தகைய இடத்துக்குச் சங்கிலியும் பூட்டும் வேண்டும். சங்கிலி மெல்லிதாக இருந்தால் அதைவிட மெல்லிய கத்தரி போதும். சுண்டுவிரற் பருமனுள்ள கண்ணிகளும், நல்ல தொங்குபூட்டும் வாங்குங்கள். திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றதென்பதைத் தாங்கள் அறிவீர்கள். நம் நாட்டுக் கைவினையும் ஆயிற்று, பூட்டும் ஆயிற்று. பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய கம்பிவடமும், எண்களைத் திருப்பித் திறக்கும் பூட்டும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. உறை தடித்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளேயிருக்கும் கம்பி என்ன பருமன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சங்கிலியைப் பூட்டுவதிலும் முறை உண்டு. முன்சக்கரத்தை மாத்திரம் தூணோடு கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நட்டுகளைக் கழற்றினாற் சக்கரம் தூணோடு நிற்கும், மற்றதெல்லாம் போய்விடும். சங்கிலி பின்சக்கரத்தினூடேயும் ஃபிரேமினூடேயும் சென்று, அசையாத ஒரு பொருளைச் சுற்றி வரவேண்டும். பெண்கள் ஓட்டும் வண்டியில் மேற்பார் இல்லாமையால் ஃபிரேம் எங்கே என்று சில சகோதரிகள் என்னைக் கேட்டதுண்டு. இருக்கைக்குக் கீழே செங்குத்தாய் இறங்கும் குழாயைச் சுற்றினால் போதுமானது. ஆனால் இருக்கையின் தண்டைச் சுற்றலாகாது, அது ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் உருவி வந்துவிடும். சங்கிலி தரையிற் கிடக்கவும் கூடாது. தரையிற் கிடந்தால் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பதற்கு வசதியாகும். இழுத்து உயரக் கட்டுங்கள். சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது.

அசையாத பொருள் என்றேன். கடைப் பந்தலுக்கு நட்ட மூங்கில் அசையாத பொருளன்று. மேல்முனை திறந்த குட்டைக் கம்பமும் அன்று. வண்டியைச் சங்கிலியோடு மேலே தூக்கிக் கழற்றிவிடலாம். மின்கம்பத்திலும், அதன் இழுவைக் கம்பியிலும் ஒருபோதும் கட்டாதீர்கள். மழைக்காலத்தில் மின்சாரம் கசிந்தால் சைக்கிளுக்காக உயிரைக் கொடுத்ததாக முடியும். கடைவாசற் படியை மறித்துக் கட்டுவதும் தகாது. வயோதிகர் இடறி விழுவர், கடைக்காரரும் வண்டியை எட்டத் தள்ளி வைக்கச் சொல்லுவார், எட்டத் தள்ளியதே களவுக்கு ஏதுவாகும்.

நம் பகுதிக்குரிய ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் நம் ஜில்லாவுக்குக் கிடைப்பது பயிருக்கு நன்மை, பூட்டுக்கு அன்று. கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. பூட்டு துருப்பிடித்து இறுகினாற் சாவி திரும்பாது. இரண்டொரு நாள் போராடிய பின், ‘இந்தப் பூட்டோடு யார் மல்லுக்கட்டுவது’ என்று பூட்டாமலே விட்டுவிடுகிறார்கள். களவு போன வண்டிகளிற் பூட்டே இல்லாதவற்றைக் காட்டிலும் இருந்தும் பூட்டாதவை அதிகமென்பது என் அபிப்பிராயம். தையல் யந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய் இரண்டு துளி மாதமொருமுறை விட்டால் இச்சங்கடம் இராது. வீட்டிலிருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் தூசி சேர்ந்து பசையாகிவிடும்.

கடைக்காரரிடம், “அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிற வழக்கமும் நம்மிடையே உண்டு. அவர் தலையசைப்பது மரியாதைக்கு. அவர் பார்க்க வேண்டியது தராசையும் கல்லாப்பெட்டியையும். வண்டி போனபின் அவரிடம் சண்டைக்குப் போவது நியாயமன்று. திங்கட்சந்தை நாளிலும், கோட்டாற்றுக் கடைவீதியிற் கூட்டம் மிகுந்த பண்டிகை நாட்களிலும், காவலுள்ள சைக்கிள் ஸ்டாண்டு இருந்தால் சில்லறையைக் கொடுத்து அங்கே விடுவதே மேல். ஆனால் அவர் தரும் சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கள். சீட்டை வண்டியின் பெல்லிலேயே செருகிவிட்டுப் போகிற புத்திசாலிகளையும் கண்டிருக்கிறேன். ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிட்டுப் போவதும் அதுபோன்றதே. வண்டியைத் தொடாமற் பையை மாத்திரம் எடுத்துப் போகிறவன் உண்டு. அதிற் குடும்ப அட்டையும் சங்கப் பாஸ்புத்தகமும் இருந்தால் நஷ்டம் வண்டியைவிடப் பெரிது.

இனி, நான் சொல்லத் தயங்கிய ஒரு சம்பவம். அதில் என் பங்கும் இருப்பதால் தயக்கம்.

மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கம் சைக்கிள் இலவசமாக வழங்குவதைத் தாங்கள் அறிவீர்கள். 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அத்திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள், விசேஷமாகப் பெண்பிள்ளைகள், படிப்பை நிறுத்தாதிருக்க அது செய்த உபகாரம் பெரிது. ஆனால் ஓர் ஆண்டு வழங்கிய வண்டிகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே நிறம், ஒரே கூடை, ஒரே பூட்டு. ஒரு சங்கத்தின் நியாயவிலைக் கடைக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். ஒரு பையன் அரிசி வாங்க வந்தவன், வாங்கிக்கொண்டு போய்விட்டான். பின்னால் மற்றொரு பையன் வெளியே வந்து, தன் வண்டியைக் காணோம் என்று கூவினான். நின்றிருந்த ஒரு வண்டி அவனுடையதைப்போலவே இருந்தது. ஆனால் அவன் சாவி அதில் திரும்பவில்லை. இருவர் மோட்டார் சைக்கிளில் விரட்டிச் சென்று, சானல்கரையில் முதற்பையனைப் பிடித்து, அரிசிப் பையோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். “எலே, பட்டப்பகல்ல களவாலே?” என்று ஒரு பெரியவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். நானும், “படிக்கிற பையனுக்கு இது தகுமா?” என்று கேட்டேன். அவன் அழவில்லை. “சார், இது என் வண்டிதான். சாவி போட்டுப் பாருங்க” என்றான். போட்டுப் பார்த்தோம், திறந்தது. கள்ளச்சாவி என்றார் ஒருவர்.

அரைமணி நேரம் சென்று அவன் தாயார் ஓடிவந்தார். தம் பிள்ளையின் வண்டியில் இருக்கைக்கடியிற் பழஞ்சேலைத் துண்டு ஒன்றைத் தாம் கட்டியிருப்பதாகச் சொன்னார். பிடிபட்ட வண்டியில் அது இல்லை. நிழலில் நின்ற வண்டியைக் குனிந்து பார்த்தோம், அதில் இருந்தது. பையன் தவறுதலாய் மற்றவன் வண்டியை எடுத்துப் போயிருக்கிறான். அவன் சாவிதான் இரண்டையும் திறந்தது. மலிவான பூட்டுகளிற் சாவி வகைகள் சிலவே. தேய்ந்த சாவி ஒன்று பல பூட்டுகளைத் திறக்கும். சாவி திறந்ததால் தன் வண்டியென்றே நம்பிவிட்டான். அதன்பின் நெடுநாள் அப்பையன் கடைக்கு வரவில்லை. தாயார்தான் வந்து வாங்கிப் போனார். பேரேட்டிற் பிழை நேர்ந்தால் மறுநாள் சிவப்பு மையால் திருத்துவோம். அந்த அறையையும், நான் கேட்ட கேள்வியையும் எந்த மையாலும் திருத்த வழி தெரியவில்லை.

அன்று அவ்விருவரில் ஒருவனுக்காவது தன் வண்டியின் எண் தெரிந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆம், ஒவ்வொரு சைக்கிளின் ஃபிரேமிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. இருக்கைக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்திலோ, வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாற் பெடல் அச்சு செல்லும் உருளையின் அடியிலோ காணலாம். பெயிண்டு மூடியிருந்தால் ஈரத்துணியாற் றுடைத்து, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தால் எழுத்து வெளிப்படும். இவ்வூரிற் சைக்கிள் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தம் வண்டியின் எண் தெரியும் என்று கேட்டால் கை உயராது என்றே நினைக்கிறேன். எனக்கும் அச்சம்பவத்துக்குமுன் தெரியாது.

ஒரு காலத்தில் நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி, எண் பொறித்த தகரவில்லை ஒன்று கொடுத்தன. அது இல்லாமற் போனாற் பிடித்துக்கொள்வார்கள் என்று பாட்டன்மார் பயந்துகொண்டு ஓட்டியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வரி போனதில் வருத்தப்படுவார் ஒருவருமில்லை; நானும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் வரியோடு, இன்ன வண்டி இன்னாருடையது என்ற பதிவும் போயிற்று. ஜப்பான் தேசத்தில் 1994-ஆம் ஆண்டு முதற் சைக்கிள் வாங்குகிறவர் அதைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பது சட்டம். ஒட்டப்பட்ட வில்லையைக்கொண்டு போலீசார் உடையவரைக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கு அத்தகைய சட்டமில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். அங்கத்தினர் பெயர், வண்டியின் கம்பெனி, நிறம், ஃபிரேம் எண், வாங்கிய தேதி, ஏதேனும் தனி அடையாளம் ஆகியவற்றை எழுதிச் சங்க அலமாரியில் வைத்தாற் செலவு ஒன்றுமில்லை. சைக்கிள் வாங்கக் கொடுக்கும் கடனுக்காவது, ரசீதின் நகலோடு ஃபிரேம் எண்ணையும் கடன் மனுவில் எழுதி வாங்கும்படி காரியதரிசிகளை நான் வேண்டிக்கொள்கிறேன். மாட்டுக்குக் காதில் வில்லை போட்டு எண் எழுதுகிற நாம் சைக்கிளுக்கு எழுதுவதில் என்ன கஷ்டம்?

வண்டி போய்விட்டால் என்ன செய்வது? முன்னே சொன்ன பாற்காரர் மூன்று நாள் தாமே தேடி அலைந்தபின்தான் போலீஸ் நிலையத்துக்குப் போனார். ரசீதும் இல்லை, எண்ணும் இல்லை. கறுப்பு வண்டி என்று சொன்னால் எந்தக் கறுப்பு வண்டி? தாமதமின்றி அன்றே எழுத்துமூலம் மனுக் கொடுக்கவேண்டும். 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அமலிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்ததாயினும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் வழியாகக் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரிற் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்த தகவலின் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமையுண்டு, கேட்டு வாங்குங்கள். வண்டி அகப்பட்டாலும் அது உங்களுடையதென்று காட்ட ரசீதும் எண்ணுமே சாட்சி.

அன்றே அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 303-ஆம் பிரிவில், களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயிருந்து, முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவை என்னும் தண்டனை விதிக்கப்படும். பழைய சைக்கிள்களிற் பெரும்பாலானவை அம்மதிப்புக்குள் அடங்கும். அது சரியென்றே நான் நினைக்கிறேன். பசிக்கோ குடிக்கோ ஒரு தடவை தவறினவனைச் சிறைக்கு அனுப்பி முழுத் திருடனாக்குவதைவிட, திருப்பிக் கொடுக்கச் செய்வது உடையவனுக்கும் பிரயோஜனம். ஆனால் திருடினவனைக் காட்டிலும் என் கோபம் வாங்குகிறவன்மேல்தான். பாதி விலைக்கு, ரசீது இல்லாமல், இருட்டிய பின் ஒருவன் கொண்டுவரும் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாதா? களவுப் பொருளென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கி வைத்துக்கொள்வது 317-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு. நம் அங்கத்தினரில் அப்படி வாங்குவார் இல்லை என்று சொல்லவே விரும்புகிறேன். ஆயினும் மலிவு என்ற சொல் யாரையும் மயக்கும்.

கடைசியாக ஒரு யோசனை. தனித்தனியே ஒவ்வொருவரும் சங்கிலி வாங்கித் தூண் தேடி அலைவதற்குப் பதில், வண்டிகளைக் கட்டுவதற்கென்றே ஓர் இடம் இருந்தால் நல்லதன்றோ? நியாயவிலைக் கடைக்குள் வரிசையில் நிற்பவர்கள் கண்ணுக்குப் படும்படி, கடைவாசலுக்கு நேரெதிரே, முழங்காலுக்குச் சற்று உயரத்தில் ஓர் இரும்புக் குழாயைக் கிடையாகப் பொருத்தி, அதன் இரண்டு கால்களையும் ஒன்றரை அடி ஆழத்தில் காங்கிரீட்டில் இறுக்கிவிட்டால், பத்துப் பன்னிரண்டு வண்டிகளைச் சங்கிலியாற் கட்டலாம். வண்டிகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து விழுவதும் நிற்கும். கட்டடத்தின் பின்புறத்தில் இடமிருக்கிறதே என்று அங்கே போட்டுவிடாதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத இடத்துக் குழாய் திருடனுக்குத்தான் வசதி. பழைய கட்டடத்தில் மீந்த குழாய் இவ்வூரில் இருக்கலாம். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அங்கத்தினரும் நமக்குண்டு. மிச்சச் செலவுக்குச் சங்கத்தின் பொதுநல நிதியில் விதிகள் இடங்கொடுக்குமா என்று நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதி அனுப்பினால், அதைத் தாமதமின்றி மேலதிகாரிகளுக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு. பொதுநல நிதியென்றாற் பெரிய கட்டடமே கட்டவேண்டுமென்பதில்லை.

நோட்டுப் புத்தகம் ஒன்றை நானே வாங்கிவந்து இம்மேசைமேல் வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் வண்டியின் எண்ணை எழுதியிருக்கிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. சைக்கிளில் வந்தவர்கள் வாசலிலேயே எண்ணைப் பார்த்து வந்து எழுதிவிட்டுப் போகலாம். குனிய இயலாத பெரியவர்களுக்குப் பார்த்துச் சொல்ல இரண்டு பையன்கள் ஈரத்துணியும் சுண்ணாம்புக் கட்டியுமாக வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள்.